எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் மறதியை அளப்பது

டிமென்ஷியா எனும் மறதிநோய் பற்றிய ஆராய்ச்சி என்றால் மூளையை நறுக்கி நுண்ணோக்கியில் பார்ப்பது என்றே என் உறவினர்கள் பலர் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் பணிக்காலத்தில் நான் ஒரு மூளையைக்கூட அறுத்ததில்லை. நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கத்து வீட்டுத் திண்ணைகளிலும் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களின் வாசற்படிகளிலும் உட்கார்ந்து, அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேள்வி கேட்டு, அவர்கள் சொன்ன பதிலைப் படிவத்தில் குறித்துக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்புவதுதான் என் வேலையாக இருந்தது. அந்தப் படிவத்தின் கேள்விகள் இங்குள்ளவர்களுக்குப் பொருந்துமா என்ற ஐயம் வந்த நாளிலிருந்து, நோயை ஆராய்ந்ததைவிட நோயை அளக்கும் கருவியை ஆராய்ந்ததே அதிகம். இந்தப் பதிவும் அதைப் பற்றியதுதான்.

1975-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மெக்ஹியூ என்ற மனநல மருத்துவரும் சேர்ந்து வெளியிட்ட ஒரு சிறு தேர்வு, உலகெங்கும் மறதிநோய் ஆய்வின் அளவுகோலாகிவிட்டது. மொத்தம் 30 மதிப்பெண். ஏறத்தாழ பத்து நிமிடங்களில் முடிந்துவிடும். இன்று என்ன தேதி, என்ன கிழமை, இது என்ன பருவம், நாம் எந்த மாடியில் இருக்கிறோம் என்று தொடங்கி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லி, எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்யச் சொல்லி, ஒரு வாக்கியம் எழுதச் சொல்லி, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்லி முடியும். 23 அல்லது அதற்குக் கீழே பெற்றவர்களை ஐயத்தோடு பார்க்க வேண்டும் என்பது நெடுங்காலம் புழங்கிய வரம்பு.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு ஏழாகக் கழிப்பதற்கு ஐந்து மதிப்பெண், படிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று, வரைவதற்கு ஒன்று. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒருவர் இந்த எட்டையும் விட்டுவிட்டு மீதி அத்தனைக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் 22-தான் பெற முடியும். அதாவது, பத்து வயதில் கொழுந்து பறிக்கப் போய், குடும்பத்தை நடத்தி, நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய, எந்தக் குறையும் இல்லாத ஒரு பாட்டி இந்தத் தேர்வின்படி நோயாளி ஆகிவிடுகிறார். லயன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு "இது எந்த மாடி?" என்று கேட்பதன் அபத்தத்தைச் சொல்லவே வேண்டியதில்லை. பருவத்தைப் பற்றிய கேள்வியும் அப்படித்தான். கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை, கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை. ஒரே மாவட்டத்துக்குள் ஒரே மாதத்தில் ஓரிடத்தில் அடைமழை, இன்னோரிடத்தில் வெயில். நான் கேட்டவர்களில் பலர் "கொழுந்து நிறைய வர்ற காலம்" என்றோ "கவாத்து வெட்டுற நேரம்" என்றோ பதில் சொன்னார்கள். தேயிலையை அறிந்த எவருக்கும் அது மிகத் துல்லியமான பதில். படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

இந்தத் துறையின் முதல் நோயாளியும் எழுதச் சொல்லித்தான் சோதிக்கப்பட்டார் என்பதை நான் பின்னாளில் படித்தேன். 1901-ஆம் ஆண்டு நவம்பரில் பிராங்பர்ட் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 51 வயதான ஆகுஸ்டே டீட்டர் என்ற பெண்மணியிடம், மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர் பெயரை எழுதுமாறு கேட்டார். அவர் 'திருமதி' என்பதற்குரிய சொல்லை எழுதிவிட்டு மேற்கொண்டு எழுத முடியாமல் நின்றார். 1906-இல் அவர் இறந்தபின் ஆல்சைமர் அவருடைய மூளையைச் சோதித்து, நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முடிச்சு முடிச்சான இழைகளும் இருந்ததை டூபிங்கனில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அறிவித்தார். 1910-இல் கிரேப்பலின் தம் பாடநூலில் அந்த நோய்க்கு ஆல்சைமரின் பெயரைச் சூட்டினார். ஆகுஸ்டே எழுதக் கற்றவர், அந்தத் திறனை இழந்தவர். அதனால் அந்தச் சோதனை அவருக்கு எதையோ காட்டியது. முன்பு இருந்து இப்போது இல்லாமல் போனது எது என்பதே டிமென்ஷியாவின் இலக்கணம். ஒருபோதும் இல்லாதிருந்ததை இழப்பாகக் கணக்கெழுத முடியாது.

இந்தச் சிக்கலை நான் ஒன்றும் முதன்முதலில் கண்டுபிடித்துவிடவில்லை. ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் ஆய்வு செய்த மேரி கங்குலியும் அவருடைய குழுவினரும், எழுத்தறிவு இல்லாத முதியவர்களுக்காகவே இந்தியில் ஒரு தேர்வை உருவாக்கி 1995-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே கனடாவின் கிரீ பழங்குடி மக்களிடம் ஆய்வு செய்யப் போன ஹால், ஹெண்ட்ரி குழுவினர், முதியவரிடம் ஒரு பகுதியும் அவரை நன்கு அறிந்த வீட்டார் ஒருவரிடம் ஒரு பகுதியுமாகக் கேட்கும் இருபகுதிக் கருவியைச் செய்திருந்தார்கள். 1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66' என்ற குழுவைத் தொடங்கியபோது இந்த இருபகுதிக் கருவியையே அடித்தளமாகக் கொண்டார்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள், ஆய்வுகளிலோ பத்து விழுக்காடுகூட அவர்களைப் பற்றியது அல்ல என்பதே அந்தப் பெயரின் பொருள். அந்தக் குழுவின் இந்தியக் களங்களாகச் சென்னையும் வேலூரை ஒட்டிய கிராமங்களும் இருந்தன. தமிழில் மறதியை அளப்பது எப்படி என்ற கேள்வியை எங்களைப் போன்றவர்கள் முறையாகக் கற்றுக்கொண்டது அந்தப் பணியிலிருந்துதான்.

2008-இல் லான்செட் இதழில் வெளியான அவர்களுடைய முடிவுகளை முதன்முதலில் வாசித்தபோது என் கண் ஓர் எண்ணில் நிலைகுத்தி நின்றது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டு வரையறைப்படி கணக்கிட்டால், இந்தியக் கிராமக் களத்தில் டிமென்ஷியா வெறும் 0.3 விழுக்காடு, கியூபாவில் 6.3 விழுக்காடு. எழுத்தறிவின்மையால் எங்கும் நோயாளிகளாகவே தெரியவேண்டிய ஊரில், நோயே இல்லை என்பதுபோல ஒரு முடிவு! காரணம் வரையறையின் பிற்பாதியில் இருந்தது. ஞாபகம் குறைந்தால் மட்டும் போதாது, அதனால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அந்தக் கையேடு. அப்படிப் பாதிப்பு இருக்கிறதா என்று வீட்டாரைக் கேட்டால், நம் ஊர்களில் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். அந்தக் குழுவே வகுத்த கணிப்பு முறையைப் பயன்படுத்தியபோது எல்லா நாட்டுக் களங்களிலும் விகிதம் உயர்ந்தது. நாட்டுக்கு நாடு இருந்த இடைவெளியும் பெரிதும் சுருங்கியது.

ஏன் "இல்லை" என்கிறார்கள் என்பதைக் குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நான் நேரில் கண்டேன். அங்கே பெரும்பாலானவை 1964-ஆம் ஆண்டு சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிட்டு, மருமகளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அத்தைக்கு என்னங்க, நல்லாத்தான் இருக்காங்க. வயசாச்சு, அவ்வளவுதான்."

"ரேஷன் கடைக்கு யாரும்மா போறது?"

"போன வருஷம் வரைக்கும் அவங்கதான் போவாங்க. இப்ப நான் அனுப்புறதில்லீங்க மேடம். கார்டை அங்கேயே விட்டுட்டு வந்துருவாங்க."

"சமையல்?"

"அடுப்புக்கிட்ட விடுறதில்லை. ரெண்டு தடவை உப்பைப் போட்டதே தெரியாம மறுபடியும் போட்டுட்டாங்க. பாவம், எதுக்கு அவங்களுக்குக் கஷ்டம்னு நானே செஞ்சிடுறேன்."

"குளிக்கிறது, துணி மாத்துறது?"

"எடுத்து வச்சா மாத்திக்குவாங்க. எடுத்து வைக்கலைன்னா அதையேதான் போட்டிருப்பாங்க."

கோயில் திருவிழாவுக்குப் போவார்களா என்று அடுத்துக் கேட்பதற்குள் அவரே நிறுத்தி, "அப்ப இது வியாதிங்களா?" என்றார். "உங்கள் மாமியாருக்கு அன்றாட வேலைகளில் சிரமம் இருக்கிறதா?" என்று நேரடியாகக் கேட்டபோது "இல்லை" என்று சொன்னவரும் அவர்தான். அவர் எதையும் மறைக்கவில்லை. மாமியார் கைவிட்ட வேலைகளை ஒவ்வொன்றாக இவர் எடுத்துக்கொண்டே வந்ததால், சிரமம் என்று சொல்ல எதுவும் வீட்டில் மிஞ்சவில்லை. மருமகளின் உழைப்பு நோயை மூடிவிடுகிறது. அந்த உழைப்புக்கு எந்த ஆய்வுப் படிவத்திலும் மதிப்பெண் கிடையாது என்பதும் இதில் சேர்த்துச் சொல்ல வேண்டியது.

அதன் பிறகு நாங்கள் கேட்கும் முறையை மாற்றிக்கொண்டோம். "சிரமம் இருக்கிறதா" என்பதை விட்டுவிட்டு, "முன்பு செய்துகொண்டிருந்து இப்போது நிறுத்திய வேலை எது, எப்போது நிறுத்தினார், யார், ஏன் நிறுத்தச் சொன்னது" என்று மூன்று கிளைகளாகக் கேட்டோம். மூட்டுவலியால் நிறுத்தினாரா, கண் தெரியாமல் நிறுத்தினாரா, செய்யத் தெரியாமல் நிறுத்தினாரா என்பதை அந்த மூன்றாவது கிளை பிரித்துக் கொடுத்துவிடும்.

இதற்கு நேர் எதிரான வகையையும் பார்த்தோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 30-க்கு 28 வாங்கினார். தேதி, கிழமை, கழித்தல், ஐங்கோணம் எல்லாம் பிசகவில்லை. அவருடைய மனைவியோ, அவர் பழகிய ஊரிலேயே வேறு நிறுத்தத்தில் இறங்கி நின்றதையும், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததையும், பேரனை மகன் பெயரால் கூப்பிடுவதையும் அடுக்கினார். நெடுநாள் படித்து, படிப்பித்து வாழ்ந்த மூளை அந்தத் தேர்வைத் தூக்கத்திலும் எழுதிவிடும். மூளையில் சேதம் கணிசமாக ஆகியிருந்தும் வெளியே தெரியாமல் தாங்கும் திறன் சிலருக்கு இருப்பதை அறிவுச் சேமிப்பு என்று இத்துறையில் சொல்கிறார்கள். ஆனால் தாங்கும் எல்லையைக் கடந்தபின் வீழ்ச்சி வேகமாக இருக்கும். முதலில் சொன்ன, எந்தக் குறையும் இல்லாத பாட்டியையும் இந்தத் தலைமையாசிரியரையும் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பிரித்திருந்தால் இரண்டுமே தலைகீழாகப் போயிருக்கும்.

படிவத்தில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. ஒரு நிமிடத்துக்குள் தெரிந்த விலங்குகளின் பெயர்களையெல்லாம் சொல்ல வேண்டும். எழுத்து வேண்டாம், கணக்கு வேண்டாம். கோத்தகிரிக்குக் கீழே சரிவில் இருக்கும் ஒரு குறும்பர் குடியிருப்பில், தேன் எடுக்கும் தொழிலில் வாழ்நாளைக் கழித்த தாத்தா ஒருவர் யானை, புள்ளிமான், கேளையாடு, காட்டுப்பன்றி, கரடி, மலை அணில், கருமந்தி, காட்டெருமை என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறிவரும்போது எது எங்கே எதிர்ப்படுமோ அந்த வரிசையிலேயே சொல்கிறார் என்பது எனக்குப் பாதியில்தான் புரிந்தது. படித்தவர்கள் இந்தக் கேள்விக்கு வீட்டு விலங்கு, காட்டு விலங்கு, பூச்சி என்று வகை வகையாகத் தாவுவார்கள்; அவர் ஒரு பாதையில் நடந்தார். சில ஆண்டுகள் கழித்து மறுசுற்றுக்குப் போனபோது நான்கு பெயர்களோடு நின்றார். அவற்றில் யானை இரண்டு முறை. எண்ணிக்கை குறைந்ததைப் படிவம் பதிவு செய்தது. பாதை கலைந்துபோனதைப் பதிவு செய்யப் படிவத்தில் கட்டம் இல்லாததால் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். அந்த ஓரக் குறிப்புகளைத் தனியாகத் தொகுத்தால் எங்கள் கட்டுரைகளைவிடப் பயனுள்ளதாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

இளமையில் ஒருவர் எப்படி இருந்தார் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால் முதுமையின் இழப்பை அளப்பது எளிது. அமெரிக்காவில் 1986-இல் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய கன்னியாஸ்திரீகள் ஆய்வில் 678 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் பலர் இளம்வயதில் மடத்தில் சேரும்போது கைப்பட எழுதிய தன்வரலாறுகள் மடத்திலேயே இருந்தன. அந்த எழுத்தின் செறிவையும் அறுபது ஆண்டுகள் கழித்து வந்த மறதியையும் அவரால் ஒப்பிட முடிந்தது. எங்கள் மலையில் அப்படி எழுதி வைத்தவர்கள் யார்? எஸ்டேட் செக்ரோல் நினைவுக்கு வந்தது. யார் எந்த நாளில் எத்தனை கிலோ கொழுந்து நிறுத்தார் என்பது அதில் நாள்வாரியாக இருக்கும். ஒரு தொழிலாளியின் நாற்பது ஆண்டுக் கைத்திறனும் அதில் எண்ணாகக் கிடக்கிறது என்று பெரும் உற்சாகத்தோடு சில பேரேடுகளைப் புரட்டிப் பார்த்தோம். ஆனால் கிலோ என்பது கையை மட்டும் பொறுத்ததாக இல்லை. கவாத்து வெட்டிய ஆண்டு, உரம் போட்ட மாதம், பனி விழுந்த வாரம், எந்தக் காட்டுக்கு அனுப்பப்பட்டார் என்பது என்று எல்லாமே அந்த எண்ணுக்குள் கலந்து கிடந்தன. மேலும், நோய் தலைகாட்டும் வயதுக்கு முன்பே ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பேரேட்டில் அவர் பெயர் இல்லை. அந்த முயற்சியைக் கைவிட்டோம். வேறு யாராவது இன்னும் நல்ல புள்ளியியல் முறைகளோடு செய்து பார்க்கலாம். பேரேடுகளைக் கரையான் அரிப்பதற்கு முன்.

வயதைக் கண்டுபிடிப்பதும் தனி வேலை. 65-க்கு மேல் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை டிமென்ஷியா வாய்ப்பு இரட்டிக்கிறது என்பதால், வயதில் ஐந்தாண்டு பிசகினால் முடிவே பிசகிவிடும். ஆதாரில் பலருக்கும் ஜனவரி முதல் தேதிதான் பிறந்தநாள். எனவே குந்தா மின்திட்ட அணைகளைக் கட்டும்போது கல்யாணம் ஆகியிருந்ததா, இலங்கையிலிருந்து வந்து மண்டபம் முகாமில் இறங்கியபோது இடுப்பில் எத்தனையாவது குழந்தை என்று கேட்டுக் கணக்கிடுவோம்.

பல மொழி பேசுவதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2013-இல் சுவர்ணா அல்லாடி தலைமையில் ஐதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்தபோது, இருமொழி பேசுவோருக்கு ஒருமொழி மட்டும் பேசுவோரைவிட நாலரை ஆண்டுகள் தாமதமாக டிமென்ஷியா தொடங்கியது தெரியவந்தது. பள்ளிக்குச் செல்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது என்பதுதான் அதன் சிறப்பு. நீலகிரியில் இதைச் சோதித்துப் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது. நடக்கவில்லை, ஏனென்றால் ஒப்பிடுவதற்கு ஒருமொழிக்காரர்கள் வேண்டுமே! தோடர், கோத்தர், குறும்பர், படகர் என்று ஒருவருக்கொருவர் பால், பானை, தேன், தானியம் கொடுத்து வாங்கி வாழ்ந்த மலை இது. படகரின் மொழியான படுகு பேசும் வீட்டில் தமிழும், கூடலூர்ப் பணியர் வீட்டில் மலையாளமும் தமிழும் சேர்ந்தே புழங்கும். ஒரே ஒரு மொழி மட்டும் தெரிந்த முதியவர் என்று ஒரு குழுவைத் திரட்டவே இங்கே வழியில்லை.

எல்லா மறதியும் ஆல்சைமர் அல்ல என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாசகர்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது இதுதான். ரத்தக்குழாய் அடைப்பால் வருவது, லூயி உடல்கள் எனப்படும் புரதப் படிவுகளால் வருவது, மூளையின் நெற்றிப்பகுதி சுருங்கி முதலில் குணம் மாறுவது என வகைகள் பல. இவற்றுக்கு வெளியே, திருப்பிச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கின்றன: தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு. எங்கள் ஆய்வில் வந்த ஒரு பெரியவர் ஒன்றிரண்டு மாதங்களுக்குள் ஆளே மாறிப்போய், பேச்சுக் குழறி, வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் திரிந்தார். வீட்டில் "வயசுக் கோளாறு" என்று விட்டிருந்தார்கள். எப்போதாவது விழுந்தாரா என்று கேட்டபோது, இலைச் சாக்கோடு சரிவில் வழுக்கியதை மகன் யோசித்து யோசித்துச் சொன்னார். கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்ததில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே பழைய ரத்தக் கசிவு தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் மறுபடியும் தோட்டத்துக்குப் போனார். மறதி படிப்படியாக ஆண்டுக்கணக்கில் வராமல் வாரக்கணக்கில் வந்தால், தயவுசெய்து வயதின்மீது பழிபோடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்துக்கும் அதிகம். திருப்போரூரில் தொண்ணூறுகளில் செய்த ஆய்வின் 3.5 விழுக்காட்டோடு இதை ஒப்பிட்டு நோய் இரட்டித்துவிட்டது என்று மேடைகளில் பேசுகிறார்கள். அது சரியல்ல. இடமும் கருவியும் வரையறையும் வேறு வேறு. இத்தனை நேரம் நான் சொல்லிவந்தது போல, கேள்வி மாறினால் எண் மாறும்.

புதிய மருந்துகளைப் பற்றி என் கருத்தைக் கேட்பவர்களுக்கு: 2023-இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனமாப், மூளையில் சேரும் அமிலாய்டு புரதத்தை அகற்றுகிறது. ஆய்வில் பதினெட்டு மாதங்களில் சரிவின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது. இழந்ததை மீட்டுத் தராது. தொடக்கத்தில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும், மூளை வீக்கமோ ரத்தக்கசிவோ வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும். நோய் முற்றிய பிறகே வெளியே தெரியும் ஓர் ஊரில் இது யாருக்குப் போய்ச் சேரும் என்று நான் கேட்பதை அவநம்பிக்கை என்று சிலர் சொல்கிறார்கள். ரத்தப் பரிசோதனைகள்மீது எனக்கு இதைவிட நம்பிக்கை உண்டு. 2025-இல் அமெரிக்காவில் அப்படி ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. ஆயினும் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்தச் சோதனை அளக்கும் டௌ புரத அளவு தானாகவே கூடுதலாகக் காட்டும் என்பதால், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மலிந்த நம் மக்களுக்கென்று தனி வரம்புகள் வகுக்காமல் இறக்குமதி செய்தால், பழைய 30 மதிப்பெண் கதைதான் மறுபடியும் நடக்கும்.

லான்செட் ஆணையம் 2024-இல் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைக் கையாண்டால் ஏறத்தாழ 45 விழுக்காடு நேர்வுகளைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. ரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, குடி, புகை, தலைக்காயம், செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, தனிமை ஆகியவை அதில் அடங்கும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் ரத்த அழுத்த மாத்திரையை, இந்த மலையில் இன்றைக்கு எளிதாகக் கிடைக்கும் டிமென்ஷியா தடுப்பு மருந்து என்றே நான் சொல்வேன். செவித்திறனை யாரும் கண்டுகொள்வதில்லை. டீ பாக்டரியில் உருட்டு எந்திரத்தின் பக்கத்தில் முப்பது ஆண்டு நின்றவர்களுக்குக் காது கேட்பதில்லை. கேள்வி காதில் விழாமல் தவறான பதில் சொன்னவர்களை மறதிநோயாளி என்று குறித்துவிடும் ஆபத்து வேறு இருந்தது. ஆகவே காதுச் சோதனை முடியாமல் யாரையும் கேள்விக்கு உட்படுத்துவதில்லை என்பதைக் குழுவில் விதியாக்கினோம்.

இந்தத் துறைக்கு வர விரும்பும் மாணவர்களுக்கு இரண்டு நடைமுறைச் சிக்கல்களைச் சொல்லி வைக்கிறேன். ஒன்று பணம். மூன்றாண்டுத் திட்டமாகத்தான் நிதி கிடைக்கும். நோயோ எட்டு பத்து ஆண்டுகள் நீளும். எங்களுக்கு நிதியளித்த ஓர் அமைப்பு, இரண்டாம் சுற்று முடிவதற்குள் "புதிய கண்டுபிடிப்பு ஏதும் இல்லை" என்று எழுதி நிறுத்திக்கொண்டது. ஒரே ஆளை மறுபடியும் மறுபடியும் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் உயிர் என்பதை அவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. கோலார் மாவட்டத்து சீனிவாசபுரத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் கிராமத்து மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவரும் ஆய்வைப் பற்றிக் கேள்விப்படும்போது எனக்குப் பொறாமைதான் வருகிறது.

மற்றொன்று ஒப்புதல். எங்கள் மாவட்டத்தில் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ கேட்டால், நிலம் கைமாறிவிடுமோ என்ற அச்சம் முதலில் எழும். நீலகிரியில் பட்டா வரலாறு தெரிந்தவர்கள் அந்த அச்சத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். அதற்கு மேல், நோய் முற்றியவருக்கு எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்பதே நிற்காது. வீட்டார் சம்மதித்தாலும், அந்தப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ எழுந்து போய்விட்டாலோ அதை மறுப்பாக எடுத்துக்கொண்டு அன்றைய வேலையை நிறுத்திவிட வேண்டும் என்று நெறிமுறைக் குழு சொல்வதற்கு முன்பே நாங்கள் எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். இதனால் நிறையத் தரவு விடுபட்டது. விடுபடட்டும்.

நான் ஓய்வு பெற்றுவிட்டாலும் இளைய ஆய்வாளர்கள் சிலர் இப்போது படிவத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அவ்வப்போது என்னையும் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள். பணத்தைக் கையாளும் திறனைப் பற்றிய கேள்விதான் தற்போதைய விவாதம். நோட்டை எண்ணிக் கொடுத்து மீதி வாங்குகிறாரா என்று கேட்டுவந்தோம். இப்போது முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்குக்குப் போகிறது, எடுத்துக்கொண்டு வருவது மகன், கடையில் ஸ்கேன் செய்வது பேத்தி. பாட்டி நோட்டைத் தொட்டே மாதக்கணக்காகிறது. அவர் இழந்தது திறனையா, வாய்ப்பையா என்று பழைய கேள்வியால் பிரிக்க முடியாது. அதனால் கைபேசியைப் பற்றி ஒரு கேள்வி சேர்க்கலாம் என்கிறார்கள்: மணி அடித்தால் தம்முடைய போன்தான் என்று தெரிகிறதா, எடுக்கத் தெரிகிறதா, பேசுவது யார் என்று குரலை வைத்துச் சொல்கிறாரா. குரலைப் பற்றிய பகுதியைக் காதுச் சோதனைக்குப் பிறகுதான் கேட்க வேண்டும் என்று நான் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். வடகிழக்கு மழை ஓய்ந்ததும் கோத்தகிரிப் பக்கம் இரண்டு கிராமங்களில் அதை முதலில் கேட்டுப் பார்க்கப் போகிறார்கள்.